தரையிறங்கும்போது துள்ளினால், மிதந்தால், ஒரு பக்கம் இழுத்தால்: சேலத்தில் பறக்கக் கற்பவர்களுக்கு

"சார், இன்னைக்கும் துள்ளிடுச்சு." லேண்டிங் சரியாக வரவில்லை என்று வரும் மாணவர்கள் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். முதலில் பட்டது மெயின் வீலா நோஸ் வீலா, த்ரெஷோல்டை (ஓடுதளத்தின் தொடக்கத்தை) தாண்டும்போது ஸ்பீடு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் இருந்தது, கை த்ராட்டிலில் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை, காரணம் அந்த நேரத்தில் அவர்கள் எதையும் பார்க்கவே இல்லை. பயிற்றுநராக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தக் கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், விமானத்தை ஹேங்கரில் நிறுத்திவிடும் காரணம் கடைசியில். எண்கள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. நீங்கள் ஓட்டுவது வேறு ரகம் என்றால் அதன் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: வெயிலும் ஓடுதளமும்

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுதளம் 04/22, அதாவது ஏறத்தாழ 40, 220 டிகிரி திசைகள். நீளம் சுமார் 1,800 மீட்டர், அகலம் 30 மீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரம். சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது அங்குள்ள காற்று 4,000 அடி உயரத்துக் காற்றைப் போல லேசாக இருக்கும். மீட்டரில் அதே 65 நாட் தெரியும், ஆனால் தரை 69 நாட் வேகத்தில் ஓடி வரும். கண்ணுக்கு "வேகமாகப் போகிறோம்" என்று பட்டதும் கை தானாக மூக்கைத் தூக்கி ஸ்பீடைக் குறைத்துவிடுகிறது. ஃபைனலில் (ஓடுதளத்துக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதியில்) தரையின் ஓட்டத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

அகலமும் ஏமாற்றும். 45 மீட்டர் ஓடுதளத்தில் பழகிவிட்டு இங்கே வருபவருக்கு 30 மீட்டர் ஒல்லியாகத் தெரியும், நாம் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறோம் என்று தோன்றும், ஃபிளேர் (தரைக்கு அருகே மூக்கை மெல்லத் தூக்கி இறக்கத்தைக் குறைப்பது) தாமதமாகும். வேறு ஊரிலிருந்து வந்த மாணவர் முதல் வாரத்தில் மட்டும் துள்ளுகிறார் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

அறிகுறி: தரையில் பட்டதும் துள்ளி எழுகிறது

முதலில் எவ்வளவு துள்ளியது என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் செய்ய வேண்டியது அதைப் பொறுத்துத்தான்.

*ஓரிரு அடி மட்டும் எழுந்தால்:* மூக்கை லேண்டிங் நிலையிலேயே பிடியுங்கள், தேவைப்பட்டால் கொஞ்சம் பவர் கொடுங்கள், தானாக உட்காரும். இங்கே யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்கை) முன்னால் தள்ளவே கூடாது.

*அதைவிட அதிகமாக எழுந்தால், அல்லது எவ்வளவு என்று சந்தேகமாக இருந்தால்:* கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி ஏறுவது. த்ராட்டில் முழுதும் உள்ளே, வலது ரட்டர் பெடல், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தட்டை) 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், 60 நாட்டில் ஏறுங்கள். ஃபிளாப்பை ஒரேயடியாக பூஜ்யத்துக்கு எடுத்தால் விமானம் கீழே உட்கார்ந்துவிடும், அதனால் 10, அப்புறம் 0 என்று படிப்படியாகத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் ட்ரிம் (யோக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தும் அமைப்பு) வைத்திருப்பது மெதுவாக இறங்குவதற்கு, அதனால் முழு பவர் கொடுத்தவுடன் மூக்கு பலமாக மேலே எழும். யோக்கை முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டியது அப்போதுதான். சோலோவுக்கு முன்பே இந்த அழுத்தத்தைக் கையில் உணர்ந்திருக்க வேண்டும். உங்கள் பயிற்றுநர் இதை ஓடுதளத்துக்கு மேலேயே செய்து காட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

*இரண்டாவது முறையும் துள்ளினால்:* அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை, முழு பவர், கோ-அரவுண்ட். பயிற்சி விமானங்களில் மூக்கு உடைவது முதல் துள்ளலில் அல்ல. முதல் துள்ளலில் பயந்து யோக்கைத் தள்ளுகிறோம், நோஸ் வீல் முதலில் அடிக்கிறது, அது மூக்கை இன்னும் மேலே எறிகிறது, நாம் மறுபடி தள்ளுகிறோம், அடுத்த அடி இன்னும் பலமாக விழுகிறது. கை எப்போதும் விமானத்துக்கு ஒரு நொடி பின்னால் போய்க்கொண்டிருப்பதால் இதைத் துரத்திப் பிடித்துச் சரிசெய்ய யாராலும் முடியாது, பல ஆண்டு அனுபவம் உள்ளவராலும் முடியாது. விட்டு விலகிப் போவதுதான் சரி.

இனி காரணங்கள்.

ஸ்பீடு: ஃபிளாப் போட்ட நிலையில் ஃபைனலுக்குக் கையேடு சொல்வது 60 முதல் 70 நாட். "பாதுகாப்புக்காக" என்று 75 வைத்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். பறக்க இன்னும் தெம்பு இருக்கும் விமானத்தை வலுக்கட்டாயமாகத் தரையில் வைத்தால் துள்ளத்தான் செய்யும்.

கண்: கவுலிங்குக்கு (எஞ்சின் மூடிக்கு) நேர் முன்னால் உள்ள தரையைப் பார்த்தால் எல்லாம் மங்கலாக ஓடும், உயரம் பிடிபடாது. ஃபிளேர் தொடங்கும்போது பார்வையை ஓடுதளத்தின் தூரத்து முனைக்கு மாற்றுங்கள். ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும், அங்கே முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் வளைவு எடுப்பதில்லை.

ஃபிளேர் தாமதம்: கண்ணைச் சரிசெய்தால் பாதி சரியாகிவிடும். மீதி, உட்காரும் உயரம். ஒவ்வொரு நாளும் சீட்டை ஒரே உயரத்தில் வையுங்கள். முந்தின மாணவர் உயரமானவர், சீட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார், நீங்கள் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள் என்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஓடுதளமே வேறு.

விமானம்: எல்லோரும் ஒரே விமானத்தில் துள்ளுகிறார்கள் என்றால் டயரைப் பாருங்கள். மெயின் 42 பி.எஸ்.ஐ., நோஸ் 45. காற்று அதிகமாக அடைத்த டயர் நன்றாகவே எகிறும். நோஸ் ஸ்ட்ரட் (மூக்குச் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் கால்) இறங்கிப்போய் பளபளப்பான குழாய் கொஞ்சமும் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் அந்த விமானத்தில் ஏறாமல் ஏ.எம்.இ.யை (விமானப் பராமரிப்புப் பொறியாளரை) கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஃபிளேரில் மேலே எழும்பிவிடுகிறது

இது துள்ளல் அல்ல, இன்னும் தரையையே தொடவில்லை. வேகமாக இழுத்தது, ஸ்பீடு அதிகம், எதிர்க்காற்று திடீரென்று வீசியது, கடைசி நேரத்தில் ஃபிளாப் இறக்கியது, இவற்றில் ஒன்றாக இருக்கும். கொஞ்சம் எழும்பினால் இழுப்பதை நிறுத்தி, பிடியைச் சற்றுத் தளர்த்தி, திரும்ப இறங்க ஆரம்பித்ததும் மீண்டும் ஃபிளேர் செய்யுங்கள். நிறைய எழும்பினால் ஸ்பீடு கரைந்துகொண்டே போகும், அங்கேயே தொங்கிக்கொண்டிருக்காமல் கோ-அரவுண்ட் போங்கள்.

அறிகுறி: இறங்காமல் மிதந்துகொண்டே போகிறது

விண்ட்சாக்கைப் பாருங்கள். பின்காற்றில் இறங்குகிறீர்களா? இல்லையென்றால் த்ராட்டில் கடைசி வரை வெளியே வந்திருக்கிறதா, ஃபிளாப் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா (ஃபிளாப் நெம்புகோலைப் பார்த்தால் போதாது, ஜன்னல் வழியாக இறக்கையைப் பாருங்கள்), ஸ்பீடு 5 நாட் கூடுதலா என்று வரிசையாகப் பாருங்கள். ஐடில் ஆர்.பி.எம். அதிகமாக வைக்கப்பட்ட எஞ்சினும் இப்படி மிதக்கும். தரையில் த்ராட்டிலை முழுதும் மூடி ஆர்.பி.எம். என்ன என்று குறித்துக்கொண்டு வாருங்கள், கூடுதல் என்றால் அது ஏ.எம்.இ. வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் மிதக்கிறது என்றால் ஸ்பீடு மீட்டரையே சந்தேகப்பட வேண்டும். நம் ஊரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் குளவி. ஸ்பீடு மீட்டருக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுபோகும் பிடாட் குழாயின் வாய் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஓட்டை, உறை போடாமல் மதியம் வரை நிறுத்தினால் குளவி அதற்குள் மண்ணை வைத்துவிடும். பாதி அடைத்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், 65 என்று நினைத்துக்கொண்டு 72இல் வருவீர்கள். மண் தெரிந்தால் குச்சியை விடாதீர்கள், வாயை வைத்து ஊதவும் வேண்டாம், மறுமுனையில் இருக்கும் கருவி அந்த அழுத்தத்தைத் தாங்காது. அப்படியே விட்டுவிட்டு ஏ.எம்.இ.யிடம் சொல்லுங்கள்.

ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லை என்றால் கோ-அரவுண்ட். 1,800 மீட்டர் இருக்கிறதே என்று இங்கே பழகிக்கொண்டால் நாளைக்குச் சின்ன ஓடுதளத்தில் அந்தப் பழக்கம்தான் கூட வரும்.

அறிகுறி: தொப்பென்று விழுகிறது

ஸ்டால் ஹார்ன் (இறக்கை தூக்கும் வலுவை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஒலி) எப்போது கத்தியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

*ஹார்ன் கத்தி, அப்புறம் விழுந்தது:* உயரத்திலேயே ஃபிளேரை முடித்துவிட்டீர்கள். அங்கே இன்னும் இழுத்தால் விழும் வேகம்தான் கூடும். பவர் கொடுங்கள்.

*ஹார்ன் கத்தவே இல்லை:* பவரைச் சீக்கிரம் எடுத்திருக்கலாம், அல்லது காற்று கீழே தள்ளியிருக்கலாம். சேர்வராயன் மலை நமக்குக் கிழக்கே நிற்கிறது, அதன் உச்சி 5,300 அடியைத் தாண்டும். வடகிழக்குக் காற்று வலுவாக வீசும் நாட்களில் மலையைத் தாண்டி வரும் காற்று இந்தப் பக்கம் முரடாக இறங்கும். கோடையில் மலை எதுவும் வேண்டாம், ஏர் உழுத காட்டுக்கு மேல் தூக்கிவிட்டு அடுத்த ஏரிக்கு மேல் கீழே விடும். ஃபைனலில் "சிங்க்" (விமானம் திடீரென்று கீழே அமிழ்வது) தெரிந்த உடனே பவரைச் சேருங்கள், மூக்கைத் தூக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஆரம்ப மாணவர்களைக் கோடையில் காலை 9 மணிக்கு மேல் சோலோ விடுவதை நான் விரும்புவதில்லை.

*ஹார்னே வேலை செய்கிறதா என்று தெரியவில்லை:* இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள ஓட்டையில் கைக்குட்டையை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், பீப்பி மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பறக்கக் கூடாது.

அறிகுறி: இறங்கும் நொடியில் பக்கவாட்டில் நழுவுகிறது, டயர் கிறீச்சிடுகிறது

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இது வழக்கமான தொல்லை. கணக்கைப் பாருங்கள்: ஓடுதளம் 22, காற்று 270இலிருந்து 15 நாட். பக்கக்காற்று ஏறத்தாழ 11 அல்லது 12 நாட் வரும். கையேட்டில் செய்து காட்டியதாகச் சொல்லப்படும் அளவு 15 நாட், ஆனால் அது விமானத்தைப் பற்றிய எண், உங்களைப் பற்றியது அல்ல. உங்கள் வரம்பு உங்கள் பயிற்றுநர் லாக் புக்கில் எழுதிக் கொடுத்ததுதான்.

பொதுவான காரணம், காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே வந்து ஃபிளேரில் மறந்து நேராக்கிவிடுவது. கை ஏலரானில் (இறக்கையைச் சாய்க்கும் தட்டில்) சென்டர்லைனைப் பிடிக்க வேண்டும், கால் ரட்டரில் மூக்கை நேராக வைக்க வேண்டும், சக்கரம் பட்ட பிறகும் ஏலரானை விடக் கூடாது, ஸ்பீடு குறையக் குறையக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் படுவது தப்பில்லை, அப்படித்தான் பட வேண்டும்.

ஏ.டி.ஆர். (இங்கே வரும் பயணிகள் விமானம்) இறங்கிய பின்னால் நீங்கள் ஃபைனலில் இருந்து, ஒரு இறக்கை திடீரென்று சாய்ந்தால் அது பக்கக்காற்று இல்லை, அதன் சுழல்காற்று. மூன்று நிமிட இடைவெளி விடுங்கள், அது தொட்ட இடத்தைத் தாண்டித் தொடுங்கள்.

பக்கவாட்டில் பலமாக உரசி இறங்கியிருந்தால் நிறுத்திய பின் டயரின் பக்கச்சுவரில் கீறல், சக்கர உறையில் விரிசல், கால் சேரும் இடத்தில் பெயின்ட் வெடிப்பு பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் ஏ.எம்.இ.

அறிகுறி: ஓடுதளத்தில் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் உங்கள் கால். குதிகால் தரையில் இருக்கிறதா, இல்லை பிரேக் மேல் ஏறியிருக்கிறதா? பதற்றத்தில் ஒரு காலை மட்டும் அழுத்துவதுதான் ஓடுதளத்தை விட்டு மண்ணுக்குள் போவதற்கு எளிய வழி. அப்புறம் பக்கக்காற்று. இரண்டும் இல்லை என்றால் நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு பக்க டயர் சப்பையாக இருக்கிறதா, சக்கரத்துக்கு உள்பக்கம் சிவப்பு எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள், அது பிரேக் திரவம். பிரேக் டிஸ்க்கைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கசிவு, அனல் இரண்டுக்கும் அடுத்த வேலை ஏ.எம்.இ.யைக் கூப்பிடுவதுதான். டாக்ஸி செய்துகூட ஹேங்கருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அறிகுறி: மூக்கு தடதடவென்று ஆடுகிறது

யோக்கைப் பின்னால் இழுத்து நோஸ் வீலின் பாரத்தைக் குறையுங்கள், ஆட்டம் நின்றால் நீங்கள் மூக்கை ரொம்ப வேகத்தில் கீழே வைக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக டாக்ஸி போகும்போதும் ஆடினால் டயர் காற்று, அப்புறம் ஷிம்மி டேம்பர் (நோஸ் வீலின் ஆட்டத்தை அடக்கும் உறுப்பு) கசிவு, அப்புறம் டார்க் லிங்க் (நோஸ் வீல் திரும்பிவிடாமல் பிடிக்கும் கத்தரி போன்ற இணைப்பு) புஷ் தேய்மானம். டார்க் லிங்கைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. டேம்பர் சின்ன சாமான்தான், ஆனால் மாதக்கணக்கில் ஆட விட்டால் நோஸ் காலையே தளர்த்திவிடும்.

அறிகுறி: நோஸ் வீல் முதலில் பலமாகப் பட்டது

இதில் உங்கள் கண்ணுக்கு "ஒண்ணும் ஆகல" என்று தெரிவதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 172இல் நோஸ் கால் ஃபயர்வாலில் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டில்) மாட்டியிருக்கிறது. பலமாக அடித்தால் அந்தத் தகடு கசங்கும், வெளியே கவுலிங் மூடியிருப்பதால் நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது. இன்னொரு மாணவர் அடுத்த அரை மணியில் அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போவார், அவருடைய லேண்டிங் நன்றாகவே இருந்தாலும் அந்தக் கால் அவர் கையில்தான் விட்டுப்போகும். சொல்லாமல் சாவியை மாட்டிவிட்டுப் போவதில் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஹார்ட் லேண்டிங் எல்லோருக்கும் வரும், அதற்காக நான் யாரையும் திட்டியதில்லை.

எஞ்சினை அணைத்து, மாக்னெட்டோ ஆஃப், சாவியை வெளியே எடுத்த பிறகு பாருங்கள்:

கவுலிங்குக்குப் பின்னால் வயிற்றுப் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். சுருக்கம் இருந்தால் கண்ணைவிடக் கை முதலில் சொல்லும். சாய்ந்த வெளிச்சத்தில் ரிவெட் வரிசையைப் பார்த்தால் தலையைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருப்பதும் தெரியும். டார்ச் எடுத்து உள்ளே குனிந்து ரட்டர் பெடலுக்குப் பின்னாலுள்ள தகட்டைப் பாருங்கள். பெடல் முன்பைவிட இறுக்கமாக இருக்கிறதா, ஒரு பக்கம் நிற்கிறதா? கதவு வழக்கம்போல மூடுகிறதா? கதவுச் சட்டம் கோணியிருந்தால் உடம்பே கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று பொருள். நோஸ் ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிகிறதா? வாலடியில் கட்டுவளையத்தின் அடிப்பக்கம் புதிதாகத் தேய்ந்து பளபளத்தால் வாலும் தட்டியிருக்கிறது.

இவை எதுவும் தெரியவில்லை என்றாலும் ஏ.எம்.இ. கவுலிங்கைத் திறந்து எஞ்சின் மவுன்ட்டைப் பார்க்கும் வரை விமானம் பறக்கக் கூடாது. ஹார்ட் லேண்டிங்குக்குப் பின் செய்ய வேண்டிய சோதனை பராமரிப்புக் கையேட்டில் தனியாகவே இருக்கிறது.

அறிகுறி: ப்ரொப்பெல்லர் தட்டியது, அல்லது தட்டியதோ என்று சந்தேகம்

ஓடுதளத்தில் ஒரே இடைவெளியில் வரிசையாக வெட்டுக் கீறல்கள், பிளேடு நுனியில் வளைவு, எஞ்சின் ஒரு நொடி திணறியது, இவற்றில் ஒன்று போதும். எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. அந்த அடி கிராங்க்ஷாஃப்ட் வரை போகும். லைகமிங் நிறுவனம் ப்ரொப்பெல்லர் தட்டிய எஞ்சினைக் கழற்றிப் பிரித்துச் சோதிக்கச் சொல்கிறது. பட்டியலிலேயே செலவு அதிகமான வேலை இது. பிளேடைக் கையால் சுற்றியும் பார்க்காதீர்கள்.

ஓடுதளத்திலேயே நின்றுவிட்டால், அப்புறம் எழுத வேண்டியது

எரிபொருள் வால்வை மூடி, மாஸ்டர் (மின்சார) சுவிட்ச் ஆஃப், வெளியே வந்து இறக்கைக்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். அடி லேசாகத் தோன்றினாலும் கழுத்து, இடுப்பு வலி இருந்தால் முதலில் மருத்துவர். யாருக்காவது காயம், அல்லது விமானத்தின் உடல் சேதம் என்றால் ஆளை மீட்பதற்கோ ஆபத்தைத் தவிர்ப்பதற்கோ தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது. டி.ஜி.சி.ஏ.வுக்கும் (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்கும்) விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும். அதைப் பயிற்சி நிறுவனம் செய்யும், ஆனால் உங்கள் பயிற்றுநருக்கு நீங்கள்தான் உடனே சொல்ல வேண்டும். ஏ.டி.ஆர். வந்துகொண்டிருக்கிறதே, சீக்கிரம் தள்ளிவிடுவோம் என்று யாராவது அவசரப்படுத்தினால் டவர் சொல்லும் வரை கைவைக்காதீர்கள்.

பலருக்கு மறந்துபோவது ஈ.எல்.டி., அதாவது விபத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசர ரேடியோ. பலமான அடியில் அது தானாக வேலை செய்யத் தொடங்கி, தேடுதல் குழுவைக் கிளப்பிவிடலாம். மாஸ்டரை அணைப்பதற்கு முன் பேனலில் அதன் விளக்கு மின்னுகிறதா பாருங்கள், ரேடியோவில் 121.5இல் சீழ்க்கை போலச் சத்தம் கேட்கிறதா கேளுங்கள். தீ, புகை, எரிபொருள் வாடை இருந்தால் இதற்கெல்லாம் நிற்காமல் இறங்கிவிடுங்கள். ஈ.எல்.டி. அடிக்கிறது என்றால் டவரிடம் சொல்லிவிட்டு அணையுங்கள்.

டெக் லாக்கில் (விமானத்தின் பழுதுக் குறிப்பேட்டில்) "ஹார்ட் லேண்டிங்" என்று ஒரே வார்த்தை எழுதினால் ஏ.எம்.இ.க்கு உதவாது. எந்தச் சக்கரம் முதலில் பட்டது, எத்தனை முறை துள்ளியது, பக்கவாட்டில் நழுவியதா, ஃபிளாப் எவ்வளவு, டேங்கில் எரிபொருள் எவ்வளவு, ப்ரொப்பெல்லர் சந்தேகம் உண்டா, இவ்வளவையும் எழுதுங்கள். எழுதிய பிறகு சாவியைப் போர்டில் மாட்டாமல் ஏ.எம்.இ. கையில் கொடுங்கள்.